நூலகரின் சோர்வும் ஊராட்சியின் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட வட்டாரப் பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நேற்று இம்முகாமில் குடிநீரைப் பற்றிப் பேசினார்கள். இன்று காலை மண்வளத்தைப் பற்றி வேளாண் துறை நண்பர் விளக்கினார். எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் பொருள் நூலகம். ‘இவர் என்ன சொல்லப் போகிறார்? நல்ல புத்தகங்களைப் படியுங்கள் என்பார். கேட்டுவிட்டு உணவுக்குப் போகலாம்’ என்று உங்களிற் சிலர் எண்ணுவது எனக்குத் தெரிகிறது. நான் புத்தகத்தைப் பற்றிப் பேச வரவில்லை. புத்தகத்தை எடுத்துக் கொடுக்கின்ற மனிதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் எவ்வாறு களைத்துப் போகிறார், அக்களைப்பில் நம்முடைய பங்கு என்ன, அதை எவ்வாறு தடுக்கலாம் என்பவையே இன்று நான் எடுத்துக்கொண்டவை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு வட்டாரத்தில் நான் பணிபுரிந்தபோது, ஒரு மனு என் மேசைக்கு வந்தது. ஊர்ப்புற நூலகர் ஒருவர் மீது அவ்வூரார் எழுதியது. ‘அம்மையார் மாலையில் குறித்த நேரத்துக்கு முன்பே கதவைச் சாத்திவிடுகிறார்; சிறுவர்களைக் கடிந்து விரட்டுகிறார்; எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும், தேடிப் பாராமலே இல்லை என்கிறார். தக்க நடவடிக்கை எடுக்கவேண்டும்.’ இதுவே மனுவின் சாரம். முப்பது பேர் கையொப்பமிட்டிருந்தார்கள்.

ஊர்ப்புற நூலகம் பொது நூலகத் துறையைச் சேர்ந்தது; அதன் ஊழியர்மேல் ஒன்றிய அலுவலகத்துக்கு அதிகாரம் எதுவும் இல்லை. ஆயினும் மனு என்பது போகவேண்டிய இடத்துக்குப் போவதைவிட, அருகில் இருக்கும் இடத்துக்கே பெரும்பாலும் வந்து சேரும். ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பிவிட நான் பேனாவை எடுத்தேன். அன்று பிற்பகல் அதே ஊரில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒன்றைப் பார்வையிட வேண்டியிருந்தது. போன இடத்தில் நூலகத்தையும் எட்டிப் பார்ப்போம் என்று நுழைந்தேன். அவ்வாறு நுழைந்திராவிடில் இன்று உங்கள்முன் இதைப் பேசும் தகுதி எனக்கு இருந்திராது.

அம்மையாருக்கு நாற்பது வயதிருக்கும். நூலக அறிவியலில் பட்டம் பெற்றவர். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார். மனுவைப் பற்றிச் சொன்னேன். மறுக்கவில்லை. “எழுதியது அவ்வளவும் உண்மைதான் ஐயா. இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் நான். இப்போது காலையில் சாவியைக் கையில் எடுத்தாலே நெஞ்சு கனக்கிறது. புத்தகத்தைத் தொடப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் வந்தால் ஏன் வருகிறார்கள் என்று தோன்றுகிறது. வீட்டில் பிள்ளைகளிடமும் இப்படியே எரிந்து விழுகிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை” என்றார்.

சோம்பேறியைக் கண்டிக்கப் போனவனுக்கு இந்த விடை எதிர்பாராதது. உட்கார்ந்து கேட்கலானேன்.

தம் நூலகத்தோடு வேறு இரண்டு ஊர் நூலகங்களையும் கூடுதல் பொறுப்பாக அவர் பார்த்து வந்தார். அவ்விடங்களில் ஆள் நியமிக்கப்படவில்லை. வாரத்தில் இன்ன நாள் இன்ன ஊர் என்று பேருந்தில் அலைச்சல். காலையும் மாலையும் இரு பொழுதாகத் திறக்க வேண்டியிருந்ததால், நடுவில் வீட்டுக்குப் போய் வரவும் இயலாது. அங்கேயே பூட்டிய கதவுக்குள் உட்கார்ந்திருப்பார். நூலகத்தில் கழிப்பறை இல்லை. ஆதலால் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டால் இரவு திரும்பும்வரை அவர் தண்ணீர் குடிப்பதில்லை. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. தேநீர் வரவழைத்தபோது அவர் அதைத் தொடாமல் வைத்திருந்ததைக் கண்டு, உடனிருந்த ஊர்நல அலுவலர் அம்மையார் தனியே கேட்டறிந்து சொன்னார்.

கூரை ஒழுகியது. மழை வந்தால் அலமாரிகளைத் தாமே நகர்த்துவார். சுவரோரத்தில் கரையான். திண்ணையில் சீட்டாட்டம், அந்தி சாய்ந்தால் குடித்துவிட்டு வருவோர் வந்து உட்காருவர், தெருவிளக்கு எரிவதில்லை. மாலையில் முன்னதாகக் கதவைச் சாத்தியதற்குக் காரணம் இதுவே. அதற்கு முந்திய ஆண்டில் இருப்புச் சரிபார்த்தபோது சில பத்து நூல்கள் குறைந்தன. அவற்றின் விலை அவர் ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்டிருந்தது. அன்று முதல் யார் புத்தகம் கேட்டாலும், ‘இதுவும் போய்விடுமோ’ என்ற அச்சமே முதலில் எழுந்தது. ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் தொல்லை இல்லை அல்லவா?

மனுவில் கையொப்பமிட்ட முப்பது பேரில் எத்தனை பேர் நூலக உறுப்பினர் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஏழு பேர்.

பெரியோர்களே! இந்த அம்மையாருக்கு வந்தது சோம்பலன்று, ஒழுங்கீனமுமன்று. இதற்கு அறிஞர்கள் பெயர் வைத்து, ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ என்பார்கள். எண்ணெய் வற்றிய அகலில் திரி தன்னையே எரித்துக் கருகுவது போன்ற நிலை. தமிழிற் ‘பணிச்சோர்வு’ என்று நாம் சொல்லுவோம். நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றிய ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர், 1974-ஆம் ஆண்டில் இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதினார். தொண்டு செய்யவேண்டும் என்ற ஆர்வத்தோடு வந்தவர்களே சில திங்களில் வாடி, எரிச்சலுற்று, நோயாளிகளையே வெறுக்கத் தலைப்படுவதை அவர் கண்டார். ஆர்வமில்லாதவனுக்கு இந்நோவு அத்துணை விரைவில் வருவதில்லை. முதலில் நெருப்பு இருந்தால்தானே அணைவதற்கு?

பின்னர் கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் இதை அளந்தறிய வினாத்தொகுப்பு ஒன்றை 1981-இல் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து வெளியிட்டார். அவர் இதற்கு மூன்று கூறுகளைச் சொல்லுகிறார். ஒன்று, உடலும் உள்ளமும் ஓய்ந்துபோதல். இரண்டு, தாம் யாருக்காகப் பணி செய்கிறோமோ அவர்கள்மீதே வெறுப்பும் விலகலும் கொள்ளுதல். மூன்று, ‘நான் செய்வதால் எந்தப் பயனும் விளையப் போவதில்லை’ என்று தம் திறமையிலே நம்பிக்கை இழத்தல். 2019-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் தன்னுடைய நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இம்மூன்று கூறுகளையே கூறியது. அங்கும் இதை நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தில் நீங்காது நிலைத்துவிட்ட, சரிவரக் கையாளப்படாத நெருக்கடியின் விளைவு என்றே சொல்லியிருக்கிறார்கள். அதாவது, பழுது ஆளிடத்தில் மட்டும் இல்லை; பணியிடத்தில் இருக்கிறது.

இப்போது அந்த மனுவை மீண்டும் எண்ணிப் பாருங்கள். முன்னதாகக் கதவைச் சாத்துகிறார், பிள்ளைகளை விரட்டுகிறார், தேடாமலே இல்லை என்கிறார். குற்றச்சாட்டு என்று எண்ணி ஊரார் எழுதியது, கிட்டத்தட்ட ஒரு மருத்துவக் குறிப்பாகவே இருந்தது.

இங்கே உழவர் ஒருவர் எழுந்து என்னைக் கேட்கலாம்: “ஐயா, நாங்கள் வெயிலில் நின்று களை பறிக்கிறோம். நிழலில் மின்விசிறியின்கீழ் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு என்ன களைப்பு?” நியாயமான கேள்வி. இதே கேள்வி என் மனத்திலும் அன்று இருந்தது.

உடல் உழைப்பால் வரும் களைப்பு உறங்கினால் தீரும். மனநெருக்கடியால் வருவது வேறு. இடர் ஒன்று எதிர்ப்படும்போது நம் உடலில் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்பு நீர்கள் பெருகுகின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, செரிமானம் மந்தமாகிறது. பாம்பைக் கண்டு துள்ளி விலகுவதற்கு இது வேண்டியதே. பாம்பு போனபின் உடல் தன் நிலைக்குத் திரும்பிவிடும். பாம்பு போகவில்லை, அறையின் மூலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறக்கம் கெடும், தலைவலி, வயிற்றெரிச்சல், இரத்த அழுத்தம் ஒவ்வொன்றாக வரும். விடுமுறை நாளிலும் மனம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏர் பூட்டிய மாட்டை உச்சிப்பொழுதில் அவிழ்த்து, நிழலில் கட்டித் தண்ணீர் காட்டாத உழவர் நம்மில் எவரும் இருந்ததில்லை. இன்று மாடு போய் டிராக்டர் வந்துவிட்டது. அதற்குங்கூட எண்ணெய் மாற்றும் நாளைக் குறித்து வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ராபர்ட் கராசெக் என்ற அறிஞர் 1979-இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். வேலை மிகுதியாக இருப்பது மட்டும் மனிதனை முறிப்பதில்லை. வேலை மிகுதியாக இருந்து, அதை எப்போது, எவ்வாறு செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருந்தால் அதுவே முறிக்கிறது என்பது அவர் கொள்கை. உழவருக்கு மழை ஏமாற்றலாம், விலை ஏமாற்றலாம், ஆயினும் இன்று எந்த வயலில் இறங்குவது என்பதை அவரே முடிவு செய்கிறார். ஊர் நூலகரோ எந்த நூலை வாங்குவது என்று தீர்மானிப்பவர் அல்லர். எந்நேரம் திறப்பது என்று தீர்மானிப்பவர் அல்லர். கூரையைச் செப்பனிட அதிகாரம் உடையவரும் அல்லர். ஆனால் புத்தகம் இல்லையென்றாலும், கதவு சாத்தியிருந்தாலும், கூரை ஒழுகினாலும் ஏச்சுக் கேட்பவர் அவர் ஒருவரே. பொறுப்பு முழுவதும் ஒருவரிடம், அதிகாரம் முழுவதும் வேறிடம் என்றால் எவர் மனமும் தளரத்தான் செய்யும். ஊராட்சி உறுப்பினர்களாகிய உங்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமோ!

தனிமையும் ஒரு சுமை. நம் நாட்டு நூலகத் துறைக்குத் தந்தை என்று போற்றப்படும் அரங்கநாதன் அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகிறேன். 1892-ஆம் ஆண்டில் சீர்காழிப் பகுதியில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தார். 1924-ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர் நடுவே வகுப்பில் நின்று பழகியவருக்கு, ஆளில்லாத அந்த அறையின் அமைதி தாங்கவொண்ணாததாக இருந்தது. சில நாட்களுக்குள்ளாகவே கல்லூரி முதல்வரிடம் ஓடிச் சென்று, பழைய வேலையையே தந்துவிடும்படி கேட்டார். முதல்வர் அவரைக் கடியவில்லை. ‘உறுதியாக இருங்கள்’ என்று உபதேசமும் செய்யவில்லை. ‘முதலில் இங்கிலாந்துக்குச் சென்று நூலகப் பணியைக் கற்று வாருங்கள், திரும்பிய பின்னும் பிடிக்கவில்லையானால் பழைய இடத்தைப் பெற்றுக்கொள்ளலாம்’ என்றார். அங்கே பல ஊர்களின் பொது நூலகங்களை அவர் சுற்றிப் பார்த்தார். தொழிலாளரும் குழந்தைகளும் பெண்டிரும் நூலகத்தைப் பயன்படுத்துவதைக் கண்டார். திரும்பி வந்தவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியதும், 1931-இல் அவருடைய நூலக விதிகள் ஐந்து நூல் வடிவம் பெற்றதும், அதே ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டி நூலகம் ஊர் ஊராகச் சென்றதும் இதன் பின்னர் நிகழ்ந்தவை.

அரங்கநாதனே ஒரு வாரத்தில் தளர்ந்தார் என்றால், கரையான் அரித்த அலமாரிகளுக்கிடையே பத்தாண்டுகளாகத் தனியே அமர்ந்திருப்பவர் தளர்வதில் வியப்பென்ன? அவரைத் தேற்றியவை பயிற்சியும், தம் தொழிலைச் செய்யும் பிறரோடு பழக்கமும், பணியின் பயனைக் கண்ணாற் கண்டதும். பிற்காலத்தில் அவர் விடுமுறையின்றி நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார் என்று கூறுவர். அதை எடுத்துக்காட்டி, ‘நீயும் அப்படி உழை’ என்று சொல்லும் மேலலுவலரை நான் கண்டிருக்கிறேன். அது தவறு. அவர் தாமே வகுத்துக்கொண்ட பணியைத் தம் விருப்பப்படி செய்தார். அடுத்தவர் கொடுத்த மூன்று ஊர்ச் சாவிக்கொத்தைச் சுமந்து பேருந்துக்கு நின்றவர் அல்லர்.

இனி நம்முடைய பங்குக்கு வருவோம். நாட்டு விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது நம் சென்னை மாகாணமே, ஆண்டு 1948. அவினாசிலிங்கம் அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலம். அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. ஊராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்துதல் வேண்டும். புத்தகம் வாங்குவதும் செய்தித்தாள் வருவதும் பெரும்பாலும் இப்பணத்தைக் கொண்டே. அது ஊராட்சியின் பணமன்று; நம் கையில் தங்கிச் செல்லும் பணம்.

நான் சொன்ன அவ்வூரில் இவ்வரியின் நிலை என்ன என்று பார்த்தேன். பல ஆண்டுகளாக மக்களிடம் வசூலித்திருந்தார்கள், செலுத்தவில்லை. மோட்டார் பழுது, குழாய் உடைப்பு என்று வேறு செலவுகளிற் கரைந்துவிட்டது. எவரும் பையில் போட்டுக்கொள்ளவில்லை. ஆயினும் கரைந்தது கரைந்ததுதான். அம்மையார் இதைக் கேட்டு ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்த நடை கொஞ்சமன்று. ‘வசூலித்து வா’ என்று மேலிருந்து ஓலை. ‘இப்போது பணமில்லை, போ’ என்று கீழே விடை. நடுவில் அவர். புது நூல் வரவில்லை. வராததற்கு ஊரார் அவர்மீது மனு. மனுவில் முதற் கையொப்பம் இட்டவர் ஓர் ஊராட்சி உறுப்பினர்.

அவரை மட்டும் நான் குறை சொல்லவில்லை. அந்த ஊராட்சியின் கணக்குகளை ஆய்வு செய்தவன் நானே. நூலக வரி என்ற தலைப்பின்கீழ் நிலுவை நின்றதைக் கண்டும், வேறு பெரிய இனங்களுக்கு நடுவே அதைச் சிறிதென்று கருதித் தாளைப் புரட்டிவிட்டேன். ஒரு பெண்மணி பகலெல்லாம் தண்ணீர் குடியாமல் இருப்பதற்கும், நான் ஒரு தாளை விரைந்து புரட்டியதற்கும் தொடர்பு உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். மனுவின்மேல் நான் எழுதவிருந்த ஒரு வரியை எழுதவில்லை.

செய்தது என்ன என்று கேட்பீர்கள். பெரிய காரியம் எதுவுமில்லை. நூலகக் கட்டடம் ஊராட்சிக்கு உரியது. ஆகவே கூரையைச் செப்பனிடுவது நம் கடமையே என்று மன்றக் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். பழுது பார்க்கப்பட்டது. கழிப்பறை கட்ட மதிப்பீடு தயாரித்து, ஒப்புதல் பெற்று, கட்டி முடிய ஓராண்டு ஆகும். அதுவரை காத்திருப்பதா? இருபது அடி தொலைவில் ஊராட்சி அலுவலகக் கழிப்பறை இருந்தது. அதன் மாற்றுச் சாவி ஒன்றை அவரிடம் கொடுத்தோம். ஒரு சாவிக்கு என்ன செலவு? இத்தனை ஆண்டுகளாக அது எவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். தெருவிளக்கு அவ்வாரமே எரிந்தது. சீட்டாட்டத்தை ஊர்ப் பெரியவர்களே பேசி அகற்றினார்கள். காவல் நிலையம்வரை போகவேண்டியிருக்கவில்லை.

நூலக வரி நிலுவையை ஒரே தவணையில் கொடுக்க அவ்வூராட்சியால் இயலவில்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று பகுத்துச் செலுத்தத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: வரியைக் கேட்டு இனி நூலகர் நடக்கவேண்டியதில்லை, ஊராட்சிச் செயலரே செலுத்தி அவருக்குச் சீட்டின் நகலைத் தருவார் என்று ஏற்பாடாயிற்று. பணம் வந்ததைக் காட்டிலும் அந்த நடை நின்றதே பெரிது என்று அம்மையார் பின்னர் சொன்னார்.

பெயரளவில் இருந்த வாசகர் வட்டத்துக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைமை ஏற்றார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் இருவர் மாலை வேளையில் பதிவேடு எழுதவும், சிறுவர்களுக்கு நூலெடுத்துத் தரவும் முன்வந்தனர். ஞாயிறுதான் நூலகத்தில் கூட்டம் மிகுதி. பல நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமையே வார விடுமுறை. ஆகவே நூலகர் வீட்டிலிருக்கும் நாளில் பிள்ளைகள் பள்ளியில், பிள்ளைகள் வீட்டிலிருக்கும் நாளில் நூலகர் பணியில். நம் வீட்டுத் திருமணங்களுக்கு அவர் ஏன் வருவதில்லை என்று குறைபடுமுன் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

காணாமற் போகும் நூல்களைப் பற்றியும் ஒரு சொல். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி, ஆண்டொன்றில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட நூல்கள் ஆயிரத்துக்கு ஐந்து வரை குறைவதை இயல்பான இழப்பாகக் கருதலாம் என்கிறது; நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இருத்தல் கூடாது; ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் குறைந்தால் விசாரிக்கவேண்டும். இருபதாயிரத்துக்கு மேற்படாத நூல்கள் உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு நடத்தவேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. நம் ஊர் நூலகத்துக்கு நேரே பொருந்துவதன்று. ஆயினும் அதிலுள்ள கருத்து எங்கும் பொருந்தும். நூல் புழங்கினால் சிறிது தேயும். நெல்லைத் தூற்றும்போது நாலு மணி பதரோடு போகிறது. அதற்காகத் தூற்றுபவரின் கூலியை நாம் பிடிப்பதில்லை. வாங்கிய நூலைத் திருப்பித் தராதவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். நூலகர் வந்து கேட்கும்போது, ‘ஒரு புத்தகத்துக்காகவா வந்தீர்கள்?’ என்று ஏளனம் செய்யாதிருந்தாலே அவருடைய பாதிச் சுமை குறையும்.

இதுவரை நூலகத் துறையின் ஊழியரைப் பற்றிச் சொன்னேன். நம் கையிலேயே உள்ள நூலகங்கள் வேறு இருக்கின்றன. 2006-07 முதல் ஐந்தாண்டுகளில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ், அப்போதிருந்த 12,618 கிராம ஊராட்சிகளுக்கும் ஒவ்வொரு நூலகம் என்று கட்டினோம். அவற்றை நடத்துவோர் ஊராட்சியின் ஆட்கள். சிறு மதிப்பூதியம் பெறுவோர். இங்கே ‘மேலலுவலகம்’ என்று கைகாட்ட வேறொருவர் இல்லை, நாமே. அவற்றிற் பல பூட்டிக் கிடந்ததற்குப் பணமின்மையை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. நூலகம் பார்ப்பவரிடமே குடிநீர் திறப்பது, கணக்கெடுப்புக்குத் துணை போவது, விழாவுக்கு நாற்காலி போடுவது என்று எல்லாவற்றையும் சுமத்தினோம். மதிப்பூதியம் மாதக்கணக்கில் தாமதமாயிற்று. ‘சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்’ என்ற நம் பேச்சு அவர் காதிலும் விழுந்தது. பிறகு அவர் சும்மாவே உட்காரத் தொடங்கினார். பின்னர் வரவே இல்லை. உங்கள் ஊரில் இத்தகைய நூலகம் பூட்டியிருக்குமானால், பூட்டை உடைக்குமுன் கடைசியாக அதை நடத்தியவர் வீட்டுக்குப் போய், ‘ஏன் விட்டீர்?’ என்று கேளுங்கள். பதில் பயன்படும்.

நூலகர் தாமே செய்துகொள்ளத் தக்கவையும் சில உண்டு. பதிவேடுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதிருத்தல், நடுப்பகல் இடைவேளையில் கதவுக்குள் அடைந்து கிடவாமல் சிறிது நடத்தல், பக்கத்து ஊர் நூலகர்களோடு மாதம் ஒரு முறையேனும் கூடிப் பேசுதல், தம்மால் இயலாததை வாயாற் சொல்லாமல் எழுத்திற் கொடுத்தல் ஆகியவை நல்ல பழக்கங்கள். ஆனால் இவற்றை நான் பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. யோகாசன வகுப்பு ஒன்று நடத்திப் புகைப்படம் எடுத்துவிட்டால் ஊழியர் நலம் முடிந்தது என்று எண்ணும் வழக்கம் எங்கள் அலுவலகங்களில் பரவி வருகிறது. யோகம் நல்லதே, எனினும் ஒழுகும் கூரையின்கீழ் மூச்சுப் பயிற்சி செய்தால் நனைந்த மூச்சுத்தான் வரும்.

சோர்வு முற்றி, இரவில் உறக்கமே வராமல், உயிரோடிருந்து பயனென்ன என்னும் அளவுக்கு மனம் போகுமானால் அதைப் பணிச்சோர்வு என்று சொல்லிக் காலம் கடத்துதல் கூடாது. அது மருத்துவரிடம் காட்டவேண்டியது. அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண். இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நூலகருக்கு மட்டுமன்று, கடன் நெருக்கும் உழவருக்கும் இதே எண்தான். குறித்துக்கொள்ளுங்கள்.

கிராம சபையில் நூலகத்தை ஒரு பொருளாக வைக்கும் வழக்கத்தை இவ்வட்டாரத்தில் தொடங்க விரும்புகிறேன். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் சபைகளில் ஏதேனும் ஒன்றிலாவது நூலகரை அழைத்து, நூலக வரி எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு செலுத்தப்பட்டது என்பதைப் படிக்கச் செய்யுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று அங்கே அவரையே கேளுங்கள். நீங்கள் கேட்டு அவர் சொல்லுவது வேறு. அவர் கேட்டு நீங்கள் மறுப்பது வேறு.

அந்த அம்மையார் என்ன ஆனார் என்று முன்வரிசையில் ஒருவர் கையசைத்துக் கேட்கிறார். அவர் இன்னும் அதே நூலகத்தில்தான் இருக்கிறார். நான் மாற்றலாகி வருமுன் ஒருமுறை சென்றபோது, தரையில் உட்கார்ந்து நாலைந்து சிறுமிகளுக்கு ஏதோ கதை படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழவில்லை, கையால் உட்காரச் சொன்னார். ஆனால் எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மற்ற இரண்டு ஊர்களில் ஒன்றுக்குத்தான் ஆள் வந்திருந்தார். இன்னோர் ஊர்ச் சாவி அப்போதும் அவர் பையில் இருந்தது. அதற்காக எழுதிய கடிதத்துக்கு நான் அங்கிருந்தவரை விடை வரவில்லை.

உங்கள் ஊர்களின் நூலக வரிக் கணக்கை எங்கள் அலுவலர் இந்த மேசையில் வைத்திருக்கிறார். உணவுக்கு முன்னர் ஒவ்வொருவரும் தம் ஊர்த் தாளைப் பார்த்துச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.